கல்யாணிக்கு எந்த என்ஜின்

என் மச்சான் சவரிநாதனைப் போல் ஒரு பிடிவாதக்காரன் இராயபுரத்தில் பிறந்ததில்லை. அவனைப் போல் ஒரு டிரைவரும் பிறந்ததில்லை. முதலாவதை நான் ஊரறியச் சொல்லி வந்தவன். இரண்டாவதைச் சொல்ல ஐம்பத்தைந்தாம் வருஷம் வரை எனக்கு வாய் வரவில்லை. மனசுக்குத் தெரியும், வாய்தான் வரவில்லை.

நான் அம்புரோஸ், துறைமுகத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சவரி என் மனைவி ஐரீனுக்கு அண்ணன். ஆனால் எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே தெரு, ஒரே மாதிரி வறட்டு கௌரவம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கார் இருந்தது. கப்பலேறி ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பின் சீட்டில் இரண்டு பேர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தால் தெருவில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கல்யாண ஊர்வலத்துக்கென்றே செய்த மாதிரி வண்டி. வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் அதற்குக் கல்யாணி என்றே பெயர்.

ஊர்வலத்தில் கார் ஓட்டுவதை லேசாக நினைக்கிறவர்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். முன்னால் நாதஸ்வரக்காரர் நடப்பார், அவர் நடக்கிற நடைதான் வண்டிக்கும் நடை. அவருக்கு உற்சாகம் வந்து நின்று வாசித்தால் வண்டியும் நிற்க வேண்டும். அவர் கிளம்பினால் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது ஒரு குலுக்கல் குலுக்கினால் பெண்ணின் நெற்றிச்சுட்டி மூக்கில் வந்து விழும், பார்க்கிற பெண்டுகள் சிரிப்பார்கள். சவரி கையில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. வண்டி எப்போது நின்றது, எப்போது நகர்ந்தது என்றே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்ப்பான். இரண்டு பேரும் சரியாக உட்கார்ந்திருக்கிறார்களா, பெண்ணின் முந்தானை கதவுக்கு வெளியே சக்கரத்துப் பக்கம் தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பான். ஒரு ஊர்வலத்தில் நூறு தடவை நின்றாலும் நூறு தடவையும் பார்ப்பான். கூடவே உட்கார்ந்து வருகிற எனக்கு அதைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும்.

அப்படிப்பட்டவன் வண்டி ஐம்பத்துநாலாம் வருஷம் வைகாசியில் திருவொற்றியூரில் நின்றுபோயிற்று.

பச்சையம்மா என்று அந்தப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் மீன் ஏலம் எடுக்கிற அம்மா. அவள் பேசினால் அலை கொஞ்சம் தள்ளியே நிற்கும் என்பார்கள். அவளுடைய மூத்த மகள் குணசுந்தரிக்குக் கல்யாணம். கோயில் வாசலிலிருந்து ஊர்வலம் கிளம்பி, மிளகாய் மண்டி முனை வரைக்கும் வந்தது. அங்கே நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தார். கல்யாணியின் பழைய என்ஜின் அந்த நிற்பைத் தாங்கவில்லை. ரேடியேட்டர் கொதித்து, ஆவி கிளம்பி, உள்ளே ஏதோ விரிசல் விட்டு, ஒரு முனகலோடு அடங்கிவிட்டது. பையன்கள் தள்ளுகிறோம் என்று வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூடாது என்றார்கள். தள்ளு வண்டியில் வந்த பெண் என்று காலத்துக்கும் பேர் நிற்குமாம். கடைசியில் குணசுந்தரியும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக இறங்கி, அங்கிருந்து வீடு வரைக்கும் புழுதியில் நடந்து போனார்கள். நடக்கும்போது அந்தப் பெண் ஒரே ஒரு தடவை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சவரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ராசியில்லாத வண்டி என்றார்கள். அடுத்த முகூர்த்தத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. கல்யாணி எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரயில்வே சுவரை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. சவரி தினமும் வந்து அதன் பித்தளையைத் துடைத்துவிட்டுப் போவான். எனக்குப் பார்க்கப் பொறுக்காது, எதையாவது சொல்லித் திட்டி அனுப்புவேன்.

ஒரு நாள் குணசுந்தரியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். சவரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே போகிறான் என்று தெரிந்ததும் நானும் பின்னாலேயே ஓடினேன், அடி விழுந்தால் தூக்கி வர ஆள் வேண்டாமா?

பச்சையம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னா தகிரியம் இருந்தா என் வூட்டு வாசல்ல வந்து நிப்ப? எம்பொண்ண நடுரோட்ல நடக்க வுட்டவன் நீ."

"அதுக்குத்தாம்மா வந்துகீறேன். சின்னவ ஊர்வலத்துக்குக் கல்யாணி வரணும்."

"மறுபடியும் நின்னுச்சின்னா?"

"நின்னுச்சின்னா இந்தக் கையால இனிமே ஸ்டியரிங்கத் தொடமாட்டேன். இராயப்பர் மேல ஆணை."

இராயப்பர் எங்கள் இராயபுரத்துக் கோயில் புனிதர். அந்தம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அப்போது உள்ளேயிருந்து குணசுந்தரி வந்தாள். தங்கை கல்யாணத்துக்காகப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். "வரட்டும்மா. நா வண்டி கூடவே நடந்து வரேன். நின்னுச்சின்னா தங்கச்சிய நானே கையப் புடிச்சி இட்டாந்துடறேன்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். "இன்னாத்துக்கு மச்சான் ஆணையெல்லாம் போட்ட? வண்டி ஓட்டறத வுட்டா உனுக்கு வேற இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் போட்டேன்" என்றான்.

ஆக, ஒரு புது என்ஜின் வேண்டும். அதில் எனக்கும் ஒரு ஆசை ஒளிந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமானத் திடல் சும்மா கிடந்தது. அதில் கார் பந்தயம் விட ஆரம்பித்திருந்தார்கள். அதிலே ஒரு போட்டி எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. வளைவு கிளைவு ஒன்றும் கிடையாது. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் கால் மைல் நேராக ஓட வேண்டும். யார் முந்துகிறாரோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஓட்டுவது டிரைவர், ஆனால் ஜெயிப்பது என்ஜின். ஒரு ஃபிட்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ராசியில்லாத வண்டி என்று சொன்ன வாயெல்லாம் சோழவரத்துக் கோப்பையைப் பார்த்து மூட வேண்டும் என்று எனக்கு வெறி.

ஐரீனிடம் சொன்னேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, "ஊர்வலத்துல நடக்கணும், சோழவரத்துல பறக்கணும், ரெண்டுத்துக்கும் ஒரே என்ஜினு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்றாள். சவரி சிரித்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

யானைக்கவுனியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் மிலிட்டரி கழித்துப் போட்ட என்ஜின்கள் வந்திருந்தன. எங்களுக்குத் தோதாக இரண்டு இருந்தன. ஒன்று எட்டு சிலிண்டர், இந்தப் பக்கம் நாலும் அந்தப் பக்கம் நாலுமாகச் சாய்ந்து நிற்கும். பெட்டி பிரிக்காதது, பச்சை வர்ணம் மாறாதது. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பசி தீர்ந்துவிட்டது. இன்னொன்று ஆறு சிலிண்டர், வரிசையாக நிற்கும், சரக்கு லாரியிலிருந்து கழற்றியது. உயரமாக, ஒல்லியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு மூலையில் கிடந்தது.

"எட்டுதான் மச்சான். பேச்சே இல்ல" என்றேன்.

சவரி இரண்டையும் சுற்றி வந்தான். பிறகு கடைக்காரரிடம், "ரெண்டையும் கட்டையில ஏத்தி ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டான். அவரும் நல்ல மனிதர், ஒரே ரேடியேட்டரை மாற்றி மாற்றி மாட்ட ஒப்புக்கொண்டார். முதலில் எட்டை ஓட்டினோம். ஆகா, அந்தச் சத்தம்! நான் ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தேன், கடையின் தகரக் கூரை அதிர்ந்தது.

"அதெல்லாம் வோணாம் மாப்ளே. மெதுவா வுடு. இன்னும் மெதுவா" என்றான் சவரி. மெதுவாக விட்டேன். அவன் ஒரு கள்ளிப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கோயிலிலிருந்து பச்சையம்மா வீட்டுக்கு ஊர்வலம் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் அந்த என்ஜின் அதே இடத்தில், அதே மெது ஓட்டத்தில் ஓட வேண்டுமாம். பாதி நேரம்கூட ஆகியிருக்காது, ரேடியேட்டர் மூடி குதிக்க ஆரம்பித்தது. எனக்குக் காரணம் தெரியும். அந்த என்ஜினில் எரிந்த புகை வெளியே போகிற வழியே தண்ணீர் ஓடுகிற உடம்புக்குள்தான் இருக்கிறது. வேகமாகப் போனால் காற்று அடித்து ஆறிவிடும். நின்றால் அடுப்பில் வைத்த பானைதான்.

பிறகு ஆறு சிலிண்டரை ஓட்டினோம். அது டக் டக்கென்று மாடு அசைபோடுகிற மாதிரி ஓடியது. சாயங்காலம் கடையைச் சாத்துகிற நேரம் வரைக்கும் ஓடியது. சவரி ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"இது லாரி என்ஜின்டா! சோழவரத்துல சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். அதுக்கு மேல உன் வித்தையைக் காட்டு."

என் வித்தையைக் காட்டச் சொன்னால் நான் விடுவேனா? கொட்டகையில் என்ஜினைப் பிரித்துப் போட்டேன். சிலிண்டர்களுக்கு மூடியாக உட்காருகிற ஹெட்டின் அடிப்பாகத்தை மெஷினில் சீவினேன். சீவினால் உள்ளே இடம் குறையும், பெட்ரோல் ஆவி இன்னும் இறுகி, இன்னும் பலமாக அடிக்கும். சவரி சரி என்றான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன். அதிலே ஒரு தந்திரமும் செய்தேன். பெடலைப் பாதி அழுத்துகிற வரைக்கும் ஒன்றுதான் வேலை செய்யும். கால் தரை மட்டத்துக்குப் போனால்தான் இரண்டாவது வாய் திறக்கும். ஊர்வலத்தில் அது தூங்கும், சோழவரத்தில் விழிக்கும். இதற்குச் சவரி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அவன் பாராட்டுவது அப்படித்தான்.

சண்டை வந்தது ஃப்ளைவீலில். என்ஜின் பின்னால் சுற்றுகிற அந்தக் கனமான இரும்புச் சக்கரத்தைக் கடைசலில் கொடுத்துப் பாதியாக இளைக்க வேண்டும் என்றேன். கனம் குறைந்தால் என்ஜின் சட்டென்று வேகமெடுக்கும். பந்தயம் விடுகிறவர்கள் எல்லோரும் செய்கிறதுதான்.

"அத்த மட்டும் தொடாத" என்றான்.

"ஏன்?"

"ஊர்வலத்துல காலை வெச்சும் வெக்காமலும் ஓட்டணும். சக்கரம் கனமா இருந்தாத்தான் என்ஜின் மூச்சு வுடாம நடக்கும். எளச்சா திக்கும். திக்கினா நிக்கும்."

"அப்ப சோழவரத்துக்கு மாட்டுவண்டியிலயே போலாம்!"

அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் போல அவனுக்குச் சொல்ல வேண்டியதை ஐரீனிடம் சொன்னேன், அவன் எனக்குச் சொல்ல வேண்டியதை ஐரீனிடம் சொன்னான். ஒரே கொட்டகையில், ஒரே என்ஜினுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு. என்ஜின் சக்கரம் இளைக்காமலே வண்டியில் ஏறிவிட்டது, சண்டை மட்டும் ஓயவில்லை. ஐரீனுக்கு அலுத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், வெள்ளைப் புடவையோடு, மீன்குழம்புச் சட்டி விளிம்பு வரை நிறைந்திருக்க, அதை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டுங்க. எம்பொடவைதான் தீர்ப்பு" என்றாள்.

சவரி ஓட்டினான். துறைமுகத்திலிருந்து பருத்தி மூட்டை ஏற்றிப் போகிற ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால், மாடு நின்றால் நின்று, நடந்தால் நடந்து, காசிமேடு வரைக்கும் போய்த் திரும்பினான். புடவையில் ஒரு சொட்டு விழவில்லை. கொட்டகை வாசலில் இறங்கும்போது ஐரீன் என்னைப் பார்த்து, "இப்ப நீங்க ஓட்டறதுன்னா சொல்லுங்க, சட்டிய எடுத்துக்கினு எறங்கிடறேன்" என்றாள். சக்கரம் கனமாகவே இருந்துவிட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனால் மடியில் குழம்போடு போய் வந்த அந்த ஓட்டத்தை நான் நடைபாதையில் கூடவே நடந்து பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிடவில்லை, பீடி பற்ற வைத்துக்கொண்டேன்.

பந்தயமும் ஊர்வலமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து மாட்டிக்கொண்டன. காலையில் சோழவரம், சாயங்காலம் திருவொற்றியூர். நான் கெஞ்சத் தயாராக இருந்தேன். சவரியே சொல்லிவிட்டான்: "போலாம். காத்தால ஒடையற என்ஜினா இருந்தா சாயங்காலத்துக்கு முன்னாடியே ஒடையட்டும். பொண்ண ஏத்திக்கினு ஒடைய வோணாம்."

சோழவரத்தில் எங்களைப் பார்த்ததும் எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். சாயங்காலத்துக்குத் தயாராகச் சவரி வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி போட்டிருந்தான். பின் சீட்டில் பழைய மல்லிகை வாசனை இன்னும் போகவில்லை. "மாப்பிள்ளை எங்கே?" என்று ஒருவர் கேட்டார். நான் சண்டைக்குப் போக இருந்தேன், சவரி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

முதல் ஓட்டத்தில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடி விழுகிற நேரம் அவன் தொடையில் ஓங்கிக் குத்தி, "போ!" என்று கத்தினேன். பக்கத்துக் கார் அலறியது. திடலின் காங்கிரீட்டில் மணல் படிந்து கிடந்தது, அதன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புழுதியைக் கிளப்பியது. சவரி எப்போதும் எடுப்பது போலக் காலை எடுத்தான், பின்னால் பெண் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சக்கரம் ஒரு சுற்றுகூட வீணாகவில்லை. அந்தக் கனமான ஃப்ளைவீல் தனக்குள் சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் கொடுத்து வண்டியைத் தள்ளியது. நான் இளைக்கச் சொன்ன அதே சக்கரம்! எதிராளி புழுதியிலிருந்து வெளியே வருவதற்குள் நாங்கள் பாதித் தூரம் போயிருந்தோம். அப்போது சவரியின் கால் தரைக்குப் போயிற்று, என் இரண்டாவது கார்புரேட்டர் வாயைத் திறந்தது. அந்த உறுமலைக் கேட்டு நான் சின்னப்பிள்ளை மாதிரி கூவினேன்.

இரண்டாவது ஓட்டமும் அப்படியே. குத்து, "போ!", ஜெயம். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி ஓட்டத்துக்கு எங்களோடு ஒரு சிவப்புக் கார், இரண்டே பேர் உட்காரக்கூடியது, சீமையிலிருந்து நேராக வந்தது. அதன் லேசைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் கனம் எதற்கு வண்டியில்? இறங்கிக்கொண்டேன்.

கொடி விழுந்தது.

சவரி தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தான்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், காலி சீட்டை அவன் நிதானமாகப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கதவு. பிறகுதான் காலை எடுத்தான். தொடையில் குத்தி விரட்ட நான் பக்கத்தில் இல்லையே. சிவப்புக் கார் அதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு கல்யாணி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஒன்றை அந்தத் திடல் பார்த்திருக்காது. எட்டிப் பிடித்தது, பக்கத்தில் வந்தது, கோடு வந்துவிட்டது. ஒரு மட்கார்டு நீளத்தில் தோற்றோம்.

நான் ஓடிப் போய்க் கதவைப் பிடித்தேன். "பின்னாடி யாருடா கீறாங்க? யாருடா கீறாங்க பின்னாடி?"

"பழக்கம் மாப்ளே" என்றான். "யாரும் இல்லன்னு பாத்தப்புறம்தான் தெரிஞ்சிது."

சிவப்புக் காரின் சொந்தக்காரர் வந்து சவரிக்குக் கை கொடுத்தார், பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். லாரி என்ஜினைப் பார்த்து வெகு நேரம் நின்றார். இரண்டாவது கார்புரேட்டரின் கம்பியை விரலால் தொட்டு, யார் செய்தது என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் நான் ஆகாசத்தில் பறந்திருப்பேன். அன்றைக்குச் செங்குன்றம் தாண்டி மாதவரம் வருகிற வரைக்கும் சவரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் பெடலை விட்டு விட்டு அழுத்திப் பார்த்தபடி வந்தான். காது முழுக்க என்ஜின் சத்தத்தில் இருந்தது. காலையில் அப்படி ஓடியது சாயங்காலம் நடக்குமா என்பதுதான் அவன் கவலை, கோப்பை அவன் நினைப்பிலேயே இல்லை.

ஐரீன் கல்யாணிக்குப் பூ ஜோடித்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கோயில் வாசலில் நின்றோம். பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பார்வை பெண்ணின் மேல், மீதிப் பேருக்கு எங்கள் ரேடியேட்டரின் மேல். ஒரு பக்கம் நான், துண்டுக்கு அடியில் தண்ணீர் வாளியை மறைத்துக்கொண்டு நடந்தேன். மறுபக்கம் குணசுந்தரி. சொன்ன சொல் மாறாமல் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் தங்கையைப் பிடித்திருந்தாளா, வண்டியைப் பிடித்திருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சவரி திரும்பிப் பார்த்தான், காலை எடுத்தான், வண்டி நடந்தது.

மிளகாய் மண்டி முனை வந்தது. நாதஸ்வரக்காரர் அங்கேதான் நின்றார். போன வருஷத்து விஷயம் தெரிந்துதான் நின்றாரோ, தெரியாமல் நின்றாரோ, நின்று விஸ்தாரமாக வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த மனிதனின் வாயிலிருந்து சீவாளியைப் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது. தவிலும் சேர்ந்துகொண்டது. கல்யாணி நின்ற இடத்தில் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. பச்சையம்மா ஆரத்தித் தட்டோடு வீட்டில் இருக்க வேண்டியவள், மண்டித் திண்ணையோரம் வந்து நின்றிருந்தாள். நான் ரேடியேட்டரைத் தொட்டேன். சூடு. வாளியைத் தூக்கினேன்.

"தொடாத" என்றான் சவரி, உதடு அசையாமல். அவன் நெற்றியிலிருந்து வியர்வை தொப்பிக்கு அடியில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. கை மட்டும் ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தது. இந்தக் கை இனி இதைத் தொடாமல் போனால் இவன் என்ன ஆவான் என்று நினைத்துக்கொண்டே வாளியைக் கீழே வைத்தேன். காலையில் திட்டியதெல்லாம் மறந்துபோய், இராயப்பரே, இந்தப் பிடிவாதக்காரனை மட்டும் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன்.

வாசிப்பு முடிந்தது. நாதஸ்வரக்காரர் நடந்தார். சவரி திரும்பிப் பார்த்தான், காலை எடுத்தான். வண்டி நகர்ந்ததை நான் அறியவில்லை. குணசுந்தரியின் கை கதவிலிருந்து வழுக்கிப் பின்னால் போனதைப் பார்த்துத்தான் அறிந்தேன். அவள் அந்தக் கையை மறுபடி கதவில் வைக்கவில்லை. முனையைத் தாண்டி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைச் சும்மா வீசி நடந்தாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நாதஸ்வரம் ஓய்ந்தது. பெண் இறங்கவில்லை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சவரியும் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் எழுந்துவிடுவாளோ என்று பயந்து, தோளை அசைக்காமல் விறைத்து உட்கார்ந்திருந்தான். பச்சையம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில்தான் பெண் எழுந்தாள்.

அத்தோடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று நான் நினைத்தேன். சவரி இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் புருஷனோடு நின்றிருந்த குணசுந்தரியைக் கூப்பிட்டான்.

"ஏறு தங்கச்சி. அவரும் ஏறட்டும். மண்டி முனையிலேர்ந்து உங்க வூடு வரைக்கும் எம்மேல ஒரு சவாரி நிக்கிது."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பச்சையம்மாதான், "ஏறுடி" என்று ஒரு அதட்டுப் போட்டாள். யாரோ ஒரு மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார்கள். மண்டி முனைக்குப் போய்த் திருப்பி, அங்கிருந்து அதே வழியில், அதே நடை வேகத்தில் வந்தோம். நாதஸ்வரம் இல்லை, விளக்கு இல்லை. ஆனால் கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்கள். குணசுந்தரி நேராக உட்கார்ந்து வந்தாள். நான் படியில் நின்றுகொண்டு வந்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று கேட்டால் எண்ணெய்ப் புகை என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

வீடு வந்ததும் அவள் இறங்கவில்லை. முன்னால் குனிந்து, "அண்ணே, காத்தால எங்கியோ பறந்தீங்களாமே. ஐரீன் அக்கா சொன்னாங்க" என்றாள்.

"அது வேற தங்கச்சி. அது ஆளில்லாம ஓட்டறது."

"இப்ப எங்கள வெச்சி ஓட்டுங்க."

சவரி என்னைப் பார்த்தான். நான் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே எண்ணூர் ரோடு நேராக, காலியாக, நிலா வெளிச்சத்தில் கிடந்தது. வண்டியை அதில் கொண்டுபோய் நிறுத்தினான். என்ஜின் டக் டக்கென்று காத்திருந்தது. குணசுந்தரியின் புருஷன் முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

சவரி தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கதவு. முந்தானை கொஞ்சம் வெளியே தொங்கியது. "அத்த உள்ள இழுத்துக்கோம்மா" என்றான். அவள் இழுத்துச் சொருகிக்கொண்டாள். நான் படியில் தொங்கியபடி, அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

பிறகு அவன் கால் தரைக்குப் போயிற்று. என் இரண்டாவது கார்புரேட்டர் வாயைத் திறந்தது. பின் சீட்டிலிருந்து குணசுந்தரி, "இன்னும், அண்ணே, இன்னும்!" என்று கத்தினாள்.